இரண்டாவது ஹெலிகாப்டருக்கு முன்

கேள்வி: ஒற்றை ஹெலிகாப்டருடன் வான்வழி ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கிய வட்டார மருத்துவமனை ஒன்று, பயணங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது என்று கூறி இரண்டாவது ஹெலிகாப்டரும் வாங்கப்போகிறது. இந்த வளர்ச்சியைப் பாராட்டலாம் அல்லவா?

பதில்: பயணங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. 1970-இல் ஜெர்மனியின் ம்யூனிக்கில் ‘கிறிஸ்டோஃப் 1’ என்ற மீட்பு ஹெலிகாப்டர் பறக்கத் தொடங்கியபோது, விபத்து நடந்த இடத்துக்கு மருத்துவரை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் தலையாய பணியாக இருந்தது. நோயாளியைத் தூக்கிவருவது அதற்கு அடுத்தபடிதான். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தும், மானிட்டர் காட்டும் எண்களைக் கொண்டும்தான் சுவாசத்தைக் கணிக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், உயரம் கூடும்போது வெளியழுத்தம் குறைந்து அந்தக் காற்று விரியும். நுரையீரல் மேலும் நெருக்கப்படும். ஆகவே நெஞ்சில் வடிகுழாய் வைப்பதையும், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதையும், ஏற்றுவதற்கு முன்பே, சாலையோரப் புழுதியில் மண்டியிட்டபடி முடித்தாக வேண்டும். இதில் கை தேர்ந்த குழுவை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஹெலிகாப்டரைப் பணம் இருந்தால் வாங்கிவிடலாம். விமானிகள் கணக்கும் இப்படித்தான்: பன்னிரண்டு மணிநேரப் பணிமுறையில் ஒரே ஒரு ஹெலிகாப்டரை இரவு பகலாக இயக்கவே, ஓய்வையும் விடுப்பையும் சேர்த்தால், நான்கு விமானிகளாவது வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் விபத்துகளில் 29 பேர் இறந்தார்கள். இரவிலும் மோசமான வானிலையிலும் பறந்தது அத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட காரணம். காப்பாற்றப் போனவர்களே உயிர்விட்ட அந்த அனுபவத்தை அறிந்தவர்கள் இரண்டு நடைமுறைகளை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். பறக்கலாமா என்று முடிவெடுக்கும்வரை, நோயாளி குழந்தையா, எந்த நிலையில் இருக்கிறார் என்பதை விமானியிடம் சொல்வதில்லை. இரக்கம் மேகமூட்டத்தை மறைத்துவிடக் கூடாது. அதேபோல, குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் இல்லை. அவரிடம் யாரும் விளக்கம் கேட்டு நெருக்கக் கூடாது. பயணங்களை எண்ணி வளர்ச்சியைக் காட்டும் நிர்வாகம், தன்னை அறியாமலே இந்த உரிமையின்மீது அழுத்தம் கொடுக்கிறது.

எனவே இரண்டாவது ஹெலிகாப்டருக்குக் கையொப்பமிடும் முன், அந்த மருத்துவமனை தன் ஆண்டறிக்கையில் இரண்டு எண்களைச் சேர்க்கட்டும்: வானிலை கருதிக் குழு மறுத்த பயணங்கள் எத்தனை, சாலை வழியாகவே பத்திரமாக வந்திருக்கக் கூடியவர்களை ஏற்றிவந்த பயணங்கள் எத்தனை. முதல் எண் சுழியம் என்றால் நான் அஞ்சுவேன். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், அந்தப் பணத்தில் தரை ஆம்புலன்ஸ்களுக்குத் தேர்ந்த ஆட்களைச் சேர்க்கச் சொல்வேன்.