வாசகர் கேள்வி பதில்: மீனை எண்ணும் வேலை

கேள்வி (தேவகோட்டை வாசகி): மீன்வளம் படித்த என் பேத்தி அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துச் சம்மிட் ஏரிக்கு, சித்திரையிலிருந்து ஆடி வரை ட்ரவுட் மீன் எண்ணப் போகிறாள். பழங்குடி மக்கள் நிலமாம், பக்கத்தில் ஊரே கிடையாதாம். மீனை எண்ணச் சம்பளமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். என்ன வேலை அது? என்ன கொடுத்து அனுப்பலாம்?

பதில்: சிரிக்க வேண்டியதில்லை ஆச்சி. அந்த மீனின் பெயர் லஹொன்டன் கட்த்ரோட் ட்ரவுட். அமெரிக்க அரசு 1970-இல் அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்து, 1975-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று மாற்றியது. ஏரியில் வளர்ந்தாலும் முட்டையிட ஓடைக்கு ஏறியாக வேண்டும். வரத்துக்கால் அடைபட்ட கண்மாய்க்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே நெவாடாவில் பிரமிட் ஏரிக்கு வரும் ட்ரக்கி ஆற்றில் 1905-இல் டெர்பி அணை கட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். மீனால் மேலேற முடியவில்லை; 1940-களின் தொடக்கத்தில் அந்த ஏரியின் சொந்த மீன் வம்சமே அற்றுப்போனது. சம்மிட் ஏரி மீன் தப்பியது. வசந்தத்தில் அது மகோகனி ஓடையில் ஏறிக் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். எத்தனை ஏறின, எந்தத் தேதியில், தண்ணீர் என்ன சூட்டில் இருந்தது, எத்தனை திரும்பின என்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எழுதி வைப்பதுதான் வேலை. இடத்தையோ வலைக்கண்ணையோ மாற்றிவிட்டால் போன ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

ஏரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் காயும், இரவில் வைகாசியிலும் உறையும். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, கம்பளி உள்ளாடை இரண்டு கொடுங்கள். பருத்தி நனைந்தால் குளிரைத்தான் கூட்டும். பருப்புப்பொடி போகலாம். உப்புக்கண்டம் கூடவே கூடாது, இந்திய இறைச்சியை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். எந்தத் தின்பண்டமானாலும் சுங்கப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும், வண்டிக்கு இரண்டு உபரிச் சக்கரமும் குழுவிடம் உண்டா என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பாதைகளில் சக்கரம் கிழிவது சாதாரணம்.

இன்னொன்று: அது 1913-இல் ஒதுக்கப்பட்ட பையூட் மக்களின் நிலம். எங்கே நடக்கலாம், எதைப் படம் எடுக்கலாம், கணக்கை யாருக்குக் காட்டலாம் என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுதான். இடம் தெரியும்படி கைப்பேசியில் படம் போடுவதை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

கேள்வி (காரைக்குடி கல்லூரி மாணவர்): மீனை அடையாளம் காண அதன் வயிற்றில் சில்லு வைக்கிறார்களாமே, செத்துப்போகாதா?

பதில்: ஒழுங்காகச் செய்தால் சாகாது தம்பி. அந்தச் சில்லுக்குப் பிட் டேக் என்று பெயர். அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழல். 12 மில்லிமீட்டர் நீளம், சுமார் 0.1 கிராம் எடை. உள்ளே பேட்டரி கிடையாது. ஓடையின் குறுக்கே கட்டிய கம்பிச் சுருளைக் கடக்கும்போது அதன் காந்தப்புலத்தில் உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். சில்லு எடை மீன் எடையில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. ஆக, 5 கிராமுக்குக் குறைந்த குஞ்சுக்கு வேண்டாம்.

முதலில் மயக்கம். எம்எஸ் 222 பொடி, 10 லிட்டர் ஓடைத் தண்ணீருக்கு 0.5 முதல் 0.8 கிராம். பொடி தண்ணீரை அமிலமாக்கிவிடும். மலைத் தண்ணீருக்கு அதைத் தாங்கும் காரம் கிடையாது. ஆகவே அதே எடையிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆப்பசோடா சேர்க்க வேண்டும். இதை மறந்தால் மீன் துள்ளித் துடிக்கும், செவுள் எரியும். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் சாய்ந்துவிடும். செவுள் அசைவு நின்றால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றவும். அமெரிக்க விதிப்படி இந்த மருந்து பட்ட மீனை 21 நாள் உண்ணக் கூடாது. மீனை உண்ணும் மக்களின் ஏரியில் இதை முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.

கையை நனைத்துக்கொள். உலர்ந்த கை கொழகொழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மார்புத் துடுப்பின் நுனிக்குச் சற்றுப் பின்னால், வயிற்றின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓரமாக, ஊசியை வால் பக்கம் சாய்த்துத் தோலைத் துளைக்கும் அளவுக்கு மட்டும் ஏற்று. ஆழப் போனால் குடலும் மண்ணீரலும் கிழியும். முனை மழுங்கினால் மாற்றிவிடு. மழுங்கிய ஊசி காயத்தைக் கூட்டும். சினையோடு இருக்கும் பெரிய மீனுக்கு வயிற்றில் போட்டால், முட்டையோடு சில்லும் வெளியே போய்விடலாம். பிறகு அது கூழாங்கல்லில் கிடந்து, சுருளின் பக்கத்திலேயே ஒரே எண்ணை நாள் முழுக்கக் கூவும். பட்டியலில் ஒரே எண் மணிக்கணக்கில் வந்தால் அதை மீன் என்று எண்ணாதே.

சுருள் ஒன்று போதாது. சில மீட்டர் தள்ளி இரண்டு கட்டினால்தான் மீன் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். பக்கத்தில் இரும்புக் கம்பியோ வேலியோ இருந்தால் வாசிக்கும் தூரம் சுருங்கும். வெள்ளம் சுருளை இழுத்து வடிவம் மாற்றினாலும் அப்படியே. வாரம் ஒரு முறை குச்சியில் சில்லைக் கட்டிச் சுருளின் மேல், நடு, அடி மூன்றிலும் காட்டிப் பார். சுருளுக்கு மின்சாரம் தரும் பேட்டரி 12 வோல்ட், வீட்டு இன்வெர்ட்டர் வகைதான். முழுக்க இறங்கிய பேட்டரிக்குள் அமிலம் தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்து வெடிக்கும்.

கேள்வி (புதுவயல் எலக்ட்ரீஷியன்): அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குத் தண்ணீரில் கரண்ட் விட்டு மீன் பிடிக்கலாம், இங்கே செய்தால் குற்றமா?

பதில்: இங்கே லைனிலிருந்து கொக்கி போட்டு விடுவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். மீனின் முதுகெலும்பை முறிக்கும், ஆளையும் கொல்லும். அங்கே முதுகில் சுமக்கும் கருவி துடிப்பு நேர்மின்சாரம் தரும். ட்ரவுட்டுக்கு நொடிக்கு 30 துடிப்பு வரை வைப்பார்கள், அதற்கு மேல் காயம் கூடும். மீன் நேர்முனையை நோக்கித் தானாக நீந்தி வரும், வலையில் அள்ள வேண்டியதுதான். ரப்பர் கையுறை, ரப்பர் கால்சட்டை, கையை எடுத்தால் அணையும் சுவிட்சு, கூட இரண்டு பேர். தண்ணீர் 18 டிகிரியைத் தொட்டால் அன்றைய வேலை முடிந்தது. முட்டைக் குழிகளின் பக்கம் கருவியைக் கொண்டுபோவதே இல்லை.

கேள்வி (கண்டனூர் வாசகர்): எங்கள் சிறு கண்மாயில் எவ்வளவு கெண்டை இருக்கிறது என்று அழிகண்மாய்க்கு (ஊர் கூடி மீன் பிடிக்கும் நாளுக்கு) முன் அறிய முடியுமா?

பதில்: முடியும், சில்லு வேண்டாம். குத்தகைதாரர், ஊராட்சி இருவரிடமும் சொல்லிவிடுங்கள். வரத்து நின்று, மடை அடைத்த பிறகு, வீச்சு வலையில் நாலு மூலையிலும் நடுவிலும் பிடியுங்கள். பிடிபட்டதில் இடது இடுப்புத் துடுப்பின் நுனியை மட்டும் கத்தரித்து விடுங்கள், 60 மீன் என்று வைப்போம். ஒரு வாரம் கழித்து அதேபோல் பிடித்தால் 50 கிடைக்கிறது, அதில் 9 கத்தரித்தவை. 61-ஐ 51-ஆல் பெருக்கி, 10-ஆல் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள்: சுமார் 310 மீன். ஒன்பதுக்குப் பதில் இரண்டே வந்திருந்தால் விடை 1,036 ஆகிவிடும். ஆகவே கத்தரித்தது ஏழுக்குக் குறைவாகத் திரும்பினால் கணக்கை நம்பாமல் இன்னொரு நாள் வலை போடுங்கள். இரண்டு முறையும் மடை ஓரத்திலேயே வீசினால் அதே மீன்கள் திரும்பத் திரும்ப விழுந்து தொகை குறைவாகத் தெரியும். விராலுக்கு இது ஒத்துவராது, சேற்றில் புதைந்துகொள்ளும். குடிதண்ணீர் ஊரணியில் மட்டும் இறங்காதீர்கள்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): ஊட்டி ட்ரவுட்டைக் கண்மாயில் விட்டால் வளருமா?

பதில்: வளராது. 25 டிகிரியிலேயே திணறும் மீன் அது, நம் கண்மாய் பங்குனியில் 30-ஐத் தாண்டும். ஊட்டியில் இருப்பதும் உள்ளூர் மீன் இல்லை. 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த வெளிநாட்டு ரெயின்போ ட்ரவுட். அந்த ரெயின்போவை மேற்கு அமெரிக்க ஓடைகளில் ஆசைக்கு விட்டதால்தான், அது கட்த்ரோட்டோடு இணைசேர்ந்து கலப்பினமாகிப் பல ஓடைகளில் அசல் இனம் காணாமல் போனது. வெளியிலிருந்து வந்து தொல்லை தரும் மீன் என்று நம் கண்மாய்க்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றே போதும், இன்னொன்று வேண்டாம்.