திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறீர்கள், இரவு எங்கே தங்குவது?

எங்கள் கோவைப் பயணக் குழுவிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் தை மாதம் நாசிக் கிளம்புகின்றன. வைன் தோட்டங்களைப் பார்ப்பதுதான் திட்டம். மோட்டார் பம்ப் வியாபாரமாகப் பல வருடம் அங்கே அலைந்தவன் என்பதால் கேள்விகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பீளமேட்டுத் தம்பதி: முதல் முறை போகிறோம். ஊருக்குள் தங்குவதா, தோட்டத்திலேயே தங்குவதா?

எந்தத் தோட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாசிக்கின் வைன் தோட்டங்கள் ஒரே இடத்தில் இல்லை. மேற்கே கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க், சோமா. வடக்கே திண்டோரியில் ஷாந்தோன். தென்மேற்கே, மும்பைச் சாலையில் இகத்புரி வட்டாரத்தில் க்ரோவர் ஸாம்பாவும் வலோனேயும். மூன்று பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது, பொள்ளாச்சியில் அறை எடுத்துவிட்டு காலையில் மேட்டுப்பாளையம், மதியம் பல்லடம் என்று ஓடுவதைப் போன்றது.

முதல் முறை என்றால் கங்காபூர் பக்கமே போதும். நாசிக்கில் வைனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சூலா அங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய முதல் வைன் 2000-இல் வந்தது. தோட்டத்தை ஒட்டியே தங்கும் விடுதியும் வைத்திருக்கிறார்கள். ஊரும் பக்கம்.

ஒருமுறை நான் ஊருக்குள் மலிவாக அறை எடுத்துவிட்டு, திண்டோரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஆட்டோவில் போனேன். போவதற்கு ஆட்டோ கிடைத்தது. திரும்ப ஒன்றும் இல்லை. இருட்டிய பிறகு வாசலில் ஒன்றேகால் மணி நேரம் நின்று, கடைசியில் தக்காளிக்கூடை ஏற்றிவந்த வண்டியில் ஊர் சேர்ந்தேன். அறையில் மிச்சம் பிடித்த காசைவிட அந்த வண்டிக்காரருக்குக் கொடுத்தது அதிகம்.

திருப்பூரிலிருந்து பனியன் தொழில் செய்யும் நண்பர்கள் ஐவர்: வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா?

கூடாது தம்பிகளே. சுவை பார்க்க ஒரு அமர்வில் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மடக்குதான், ஆனால் இரண்டு தோட்டம் முடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பலாம், அதற்குப் பாத்திரமும் வைத்திருப்பார்கள். ஆனால் காசு கொடுத்ததைத் துப்ப நம் ஊர்க்காரனுக்கு மனசு வருமா? நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுநரோடு வண்டியை நாள் வாடகைக்குப் பேசுங்கள். மாலையில் யார் ஓட்டுவது என்பதை வைத்துத்தான் நான் அறையே தேர்ந்தெடுக்கிறேன்.

இன்னொன்று. குடியரசு தின விடுமுறையோடு சேர்த்துப் போவதாகச் சொன்னீர்கள். ஜனவரி 26 அன்று மகாராஷ்டிரத்தில் மது விற்பனை கிடையாது. அந்த நாளைக் கோவில்களுக்கு ஒதுக்குங்கள்.

ஈரோட்டு அம்மா ஒருவர்: மகனும் மருமகளும் தோட்டம் பார்க்கப் போகிறார்கள். எனக்கு திரியம்பகேஸ்வரரும் பஞ்சவடியும்தான் வேண்டும். ஷிர்டியும் முடிந்தால் நல்லது.

அம்மா, நீங்கள் ஊருக்குள்ளேயே இரண்டு இரவு தங்குங்கள். பஞ்சவடியும் ராம் குண்டமும் பக்கத்திலேயே இருக்கின்றன. திரியம்பகம் சுமார் 30 கிலோமீட்டர். ஷிர்டி 90 கிலோமீட்டர் அளவுக்கு வரும், அதற்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு மட்டும் எல்லோரும் தோட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். வைன் குடிக்காதவர்களுக்கும் அங்கே மரத்தடியும் அணைக்காற்றும் உண்டு. தை மாதம் இரவில் நன்றாகவே குளிரும், கம்பளிச் சால்வை மறக்காதீர்கள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2027 ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே கும்பமேளாவின் முக்கிய நீராடல்கள். நம் கும்பகோணத்து மகாமகம் போலவே குரு சிம்மத்தில் இருக்கும்போது வருவது. அப்போது வைன் பயணத்துக்கு அறை தேடுவது வீண் வேலை.

கோபியிலிருந்து ஒரு விவசாயி: கொடியில் பழத்தோடு பார்க்க வேண்டும். எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கே வருடத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கொடியைத் தேற்ற. அக்டோபர் வாக்கில் இன்னொன்று, அது காய்ப்புக்கு. வைன் பழம் நம் பன்னீர் திராட்சை மாதிரி இருக்காது. சின்னதாக, தோல் தடித்து இருக்கும். ஆனால் கடித்தால் தேன்.

நீங்கள் தோட்டத்திலேயே தங்கினால் ரசிப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கொடிவரிசையைப் பார்த்த அறை என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குவீர்கள், விடிவதற்கு முன்பே மருந்து தெளிக்கும் டிராக்டர் ஜன்னலுக்கு வெளியே உறுமும். அறுவடை நாளில் இருட்டிலேயே நெற்றியில் விளக்கோடு ஆட்கள் வந்துவிடுவார்கள், பிளாஸ்டிக் பெட்டிகளைத் தொப் தொப்பென்று இறக்குவார்கள். நான் எழுந்துபோய் வேடிக்கை பார்ப்பேன். என் மனைவி தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வார்.

நாமக்கல் நண்பர்: வாடகையைக் குறைக்க வழி உண்டா?

திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். சனி, ஞாயிறு மும்பையும் புனேயும் அங்கேதான் இருக்கும். முன்பதிவு செய்யும்போது, அன்றைக்குப் புல்வெளியில் கல்யாணம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய் நள்ளிரவுவரை பாட்டுக் கச்சேரி கேட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சிக்காரர்: இவ்வளவு தூரம் எதற்கு? கம்பம் போதாதா?

திராட்சை பார்க்க மட்டும் என்றால் கம்பம் தாராளம். அங்கத்திய பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் தின்னவும் சாறு பிழியவும். வைன்தான் நோக்கம், விடுப்பு இரண்டே நாள் என்றால், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்திலும் க்ரோவருக்குத் தோட்டம் இருக்கிறது. பெங்களூரில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவும் இல்லை. அவரையே வண்டி ஓட்டச் சொல்லுங்கள்.