நெய்ப்பந்தம் பிடிக்கச் சான்றிதழ் வேண்டாம்

கேள்வி: நாங்கள் இந்து ஆதிதிராவிடர். என் ஒரே மகன் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவர்களும் நம்ம சாதிதான், தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்காக யாரும் மதம் மாறவில்லை. இப்போது பேரனுக்கு மூன்றரை வயது. சம்பந்தி வீட்டில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எல்.கே.ஜி. விண்ணப்பத்தில் மதம் என்ற இடம் காலியாகவே கிடக்கிறது. பிள்ளைக்கு அப்பா மதம்தானே? நாளைக்கு எனக்கு நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டாமா?
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம் ஐயா. நெய்ப்பந்தம் பிடிக்கிற பேரனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. தாத்தா செத்தால் வேதத்தில் இருக்கிற பேரன்களும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பந்தம் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்க்காமலா இருந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பாஸ்டர் மெதுவாகத் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

சரி, 'அப்பா மதம்தானே' என்கிறீர்கள். ஊர் வழக்கம் அப்படி. சட்டத்தில் அப்படி இல்லை. 1955 இந்து திருமணச் சட்டத்தையும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பன் இருவரில் ஒருவர் இந்துவாக இருந்து, பிள்ளையும் அவருடைய குடும்பத்தில், சமூகத்தில் ஒருவனாக வளர்க்கப்பட்டிருந்தால் அவன் இந்து என்று இருக்கும். அதில் 'அப்பா' என்ற சொல் இல்லை, 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது, அதுவும் பிறந்தால் மட்டும் போதாது, வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். பேரனுடைய பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மதம் என்று ஒரு வரியே இருக்காது.

நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது, உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் போட்டார்கள். ஆக, உங்கள் பேரன் இந்து ஆதிதிராவிடர் என்றால் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கான 18 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள் வருவான், கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய் அங்கே பெரிய கூட்டத்தோடு முட்டி மோத வேண்டும். ரத்தமும் அதேதான், தெருவும் அதேதான், எந்த வீட்டுக்குள் விடுவார்கள் எந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதும் அதேதான். சாமி மாறியதும் சேரி மாறிவிட்டதாகச் சர்க்கார் நினைத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் இது அநியாயம், ஆனால் இன்றைக்கு நடைமுறை இதுதான்.

இதற்கு நம்ம ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற குறுக்கு வழியும் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஞாயிற்றுக்கிழமை சர்ச், தாலுகா ஆபீசில் மட்டும் இந்து. என் பால்ய நண்பன் ஒருவனுக்கு வீட்டில் சாமுவேல், மார்க் ஷீட்டில் செல்வம், அவன் கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெயரைப் போடுவது என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. அந்தக் காலத்தில் அதோடு போச்சு. இப்போது அப்படி இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அதனால் ஞானஸ்நானம் என்பது சம்பந்தி வீட்டில் கேக் வெட்டி பிரியாணி போடுகிற விசேஷம் மட்டும் இல்லை. இதைச் சம்பந்தியிடம் சண்டையாகப் பேசாமல் கணக்காகப் பேசுங்கள். பையன் வளர்ந்து தானே போய்த் தண்ணீரில் இறங்கினால் அது அவன் விசுவாசம், அதைத் தடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை.

சொத்து பற்றி ஒரு வார்த்தை. சிறப்புத் திருமணச் சட்டப்படி மாற்று மதத்தில் கட்டியவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தாய் சொத்தும் தகப்பன் சொத்தும் பேரனுக்கு உண்டு. நீங்களே சம்பாதித்த வீடாக இருந்தால் உயில் எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது.

அந்த விண்ணப்பத்துக்கு வருகிறேன். மதம், சாதி என்ற இடத்தைக் காலியாக விடலாம், இல்லை என்றும் எழுதலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணை போட்டிருக்கிறது, 2000-ல் மறுபடியும் போட்டது. கவுண்டரில் இருப்பவர் "கம்ப்யூட்டர்ல ஏறாது சார்" என்பார். ஆணையின் நகலை எடுத்துப்போய் நீட்டுங்கள். நம்ம திருப்பத்தூர், அப்போது வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது, அங்கே வழக்கறிஞர் சினேகா பல வருஷம் அலைந்து 2019-ல் சாதி மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுப் பிரிவுதான், அதையும் யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யோசிக்கச் சொல்லுங்கள் என்றது உங்கள் மகனையும் மருமகளையும் ஐயா. விண்ணப்பத்தின் அடியில் மறுபடி ஒருமுறை பாருங்கள், பெற்றோர் கையெழுத்து என்றுதான் போட்டிருக்கும். தாத்தாவுக்கு அங்கே கோடு போட்டு வைக்கவில்லை, இந்தப் பக்கத்துத் தாத்தாவுக்கும் சரி, அந்தப் பக்கத்துத் தாத்தாவுக்கும் சரி.