அம்மம்மாவும் முகமூடிக்காரனும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பழைய வீடியோ கடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 26 வயது, தெஹிவளையில் இருக்கிறேன். முகமூடி போட்ட ஒருத்தன் கத்தியோடு வந்து ஒவ்வொருவராகக் கொல்லும் படங்கள் என்றால் எனக்கு உயிர். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், லப்டொப்பில் சார்ஜ் தீரும்வரை இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய செலவில் எடுத்த பேய்ப்படங்கள் என்னை அசைப்பதில்லை. மலிவாக எடுத்தவையும், அந்தப் பழைய பாணியில் இப்போது எடுப்பவையும்தான் பிடிக்கின்றன. "நாங்கள் பார்க்காத இரத்தமோ? உனக்கென்ன விசரா?" என்று அம்மா கேட்கிறார். போரைக் கண்ட சமூகம் என்பதால்தான் இந்த ஆசை என்கிறாள் என் சிநேகிதி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அனெக்ஸ் வீட்டில் பதினைந்து நிமிடப் படம் ஒன்று எடுக்கப்போகிறோம். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த வகைப் படம் ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது 1987இல், வெள்ளவத்தையில். வீடியோ டெக், மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. கசெட் காலி வீதிப் பக்கம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது, பிரதிக்குப் பிரதி எடுத்த பிரதி. இருட்டுக் காட்சி வந்தால் ரி.வி. முழுக்க மழைபோல் புள்ளிகள், நடுவே ஒரு வெள்ளை முகம். வேறொன்றும் தெரியாது. மச்சான்மார் இரண்டு பேரும் தலையணைக்குப் பின்னால் இருந்தார்கள். நானும் அங்கேதான்.

படத்தை முழுசாகப் பார்த்தது அம்மம்மா ஒருவர்தான். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. "அடி பெட்டை, பின்னாலை பாரடி!" என்று ரி.வி.யைப் பார்த்துச் சத்தம் போட்டார். "லைற்றைப் போட்டால் என்னவாம் இவளுக்கு?" என்று கோபித்தார். அந்தக் கொலைகாரன் ஓடாமல் ஆறுதலாக நடந்தே வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவள் விழுந்தெழும்பி ஓடுறாள், இவன் சந்தைக்குப் போறவன் மாதிரி வாறான். ஆனா இவன்தான் முதல் அங்கை போய் நிப்பான்" என்றார். பிற்பாடு இந்தப் படங்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

அது ஜோன் கார்ப்பென்டரின் 'ஹலோவீன்', 1978இல் வந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் டொலரில் எடுத்த படம். ஹொலிவுட்டில் அது அந்தக் காலத்திலேயே சில்லறைக் காசு. கதை நடப்பது இலையுதிர் காலத்தில், ஆனால் படப்பிடிப்பு நடந்ததோ கலிபோர்னியாவில் வசந்த காலத்தில். அதனால் இலைகளுக்குப் பெயின்ட் அடித்து வீதியில் கொட்டினார்கள். காட்சி முடிந்ததும் அதே இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். முகமூடி, கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கப்டன் கேர்க்கின் முகம் அது. கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். இசையமைப்பாளருக்குக் கொடுக்கக் காசில்லாததால் கார்ப்பென்டரே வாசித்தார். சிறுவயதில் தகப்பன் பொங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. நாலு எண்ணிப் பழகிய காதுக்கு ஐந்தாவது தட்டு எப்போதும் யாரோ பின்னால் நிற்பதுபோல இருக்கும். படத்தில் இரத்தமோ மிகக் குறைவு. மறுபடி பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. காசில்லாதவன் காட்டமுடியாததை இருட்டில் விடுகிறான். மிச்சத்தை நீங்கள் போட்டு நிரப்புகிறீர்கள். அம்மம்மா நிரப்பிய வெள்ளை முகம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. நான் நிரப்பியது எங்கள் ஒழுங்கையில் இரவில் தனியாக நடந்து திரிந்த ஒரு மனிதரின் முகம். பாவம், அவர் ஒரு பிழையும் செய்யாதவர். பெரிய படங்களில் அந்த நிரப்பும் வேலையைக் கணினி முடித்துவிடுகிறது. எல்லாம் வெளிச்சமாக, துல்லியமாகத் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டியதுதான்.

மலிவில் இன்னொரு விதமும் உண்டு. 'டெக்சாஸ் செயின்சோ மசக்கர்' 1973 கோடையில், 16 மில்லிமீற்றர் பிலிமில், டெக்சாஸ் வெயிலில் எடுக்கப்பட்டது. கொலைகாரனாக நடித்தவருக்கு ஒரே ஒரு சட்டை. சாயம் போய்விடும் என்று பயந்து அதைக் கடைசிவரை தோய்க்கவில்லை. அலங்காரத்துக்கு வைத்த எலும்பும் இறைச்சியும் அந்த வெக்கையில் நாறின. இரவு உணவுக் காட்சியை ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் எடுத்தார்கள். படத்தில் ஆட்களின் முகத்தில் தெரியும் எரிச்சலும் களைப்பும் நடிப்பு மட்டும் இல்லை. அந்த நாற்றம் எப்படியோ கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் தீவில் தெற்கே சன்னி யகும என்று நோய் தீர்க்கும் ஒரு சடங்கு உண்டு. நோய்க்கு ஒரு பேயாகப் பதினெட்டுச் சன்னிப் பேய்கள். கதுரு மரத்தில் செதுக்கிய முகமூடியும் பந்த வெளிச்சமும் மேளமும்தான் மொத்த முதலீடு. பேய் பாய்ந்துகொண்டு வரும், பார்ப்பவர்கள் நடுங்குவார்கள். அடுத்த நிமிடம் மேளகாரர் அந்தப் பேயோடு வாயைக் கொடுப்பார், கூட்டம் சிரிக்கும். பயமும் சிரிப்பும் ஒரே இரவில், ஒரே முற்றத்தில். இந்தக் கத்திப் படங்களைக் கூட்டமாக இருந்து பார்க்கும்போது நடப்பதும் அதுதான். தனியாக லப்டொப்பில் பார்க்கிறேன் என்கிறீர்கள். அரைவாசிதான் பார்த்திருக்கிறீர்கள். நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

தமிழிலும் அதே 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. இரண்டு வருடம் கழித்து மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 'மூடுபனி' எடுத்தார். பனி இலவசம். ஆளை மறைக்க அதைவிட நல்ல திரைச்சீலை கிடையாது. இரண்டையும் பார்க்காமல் படம் எடுக்கப் போகாதீர்கள்.

இனி உங்கள் சிநேகிதியின் விளக்கம். அதை நான் நம்பவில்லை. போரே காணாத ஊர்ப் பிள்ளைகளும் இதே படங்களை இதே ஆசையோடு பார்க்கிறார்கள். மறுபக்கம், நிறையக் கண்ட என் சொந்தக்காரர் பலர் புதுவருட வெடிச் சத்தத்துக்கே எழுந்து உள்ளே போய்விடுவார்கள். நம்மவர் எதைச் செய்தாலும் அதற்குப் போரைக் காரணம் காட்டுவது சுகமான பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் அலுப்பு.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனிதரை மறைக்க முடியவில்லை. 1980இல் வந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தின் கழுத்தறுப்புகளையும் அம்பு பாய்வதையும் செய்தவர் டொம் சவினி. அவர் வியட்நாமில் அமெரிக்க இராணுவத்தின் போர்க்களப் புகைப்படக்காரராக இருந்தவர். அங்கே கண்டதையெல்லாம் கமராவுக்குள்ளால் பார்த்து, இதை எப்படிச் செயற்கையாகச் செய்யலாம் என்று யோசித்தே தாங்கிக்கொண்டதாகப் பின்னால் சொன்னார். திரும்பி வந்து வாழ்நாள் முழுக்க அதையே செய்தார். றப்பரில் தோல், அதற்குப் பின்னால் ஒரு குழாய், குழாயின் மற்ற நுனியில் பம்பைப் பிடித்தபடி அவர். எந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அந்த அறையில் அவருக்குத் தெரியும்.

ஆகவே அம்மாவோடு வாதாடாதீர்கள். அவர் பார்த்த இரத்தத்துக்குக் குழாய் இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள், கதவையும் சாத்துங்கள். அந்தக் கத்தல் அடுத்த அறைக்குக் கேட்கக்கூடாது.

பழைய பாணியில் இப்போது வருபவை பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பாதி எனக்குப் பிடிக்காது. சுத்தமாக எடுத்த படத்தில் பின்னால் கீறலும் புள்ளியும் தூவி, ஒரு சிந்தசைசர் இசையை ஓடவிட்டால் பழைய படமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இளம் பொடியன் நாடகத்தில் தலைக்கு மாவு பூசிக்கொண்டு தாத்தா வேஷம் கட்டுவது மாதிரி. அந்தக் காலத்துப் புள்ளிகள் வெளிச்சம் போதாமல் வந்தவை. ஆனால் ரை வெஸ்டின் 'எக்ஸ்' (2022) எனக்குப் பிடித்தது. கதை 1979இல் டெக்சாசில், படப்பிடிப்பு நியூசிலாந்தில். அந்தச் செட்டைப் பிரிக்கமுதல் அங்கேயே 'பேர்ல்' என்ற அடுத்த படத்தையும் எடுத்து முடித்தார்கள். பழைய மலிவுக்காரரின் மூளை அது. 'டெரிஃபையர் 2' ஏறக்குறைய இரண்டரை லட்சம் டொலரில் எடுத்து, ஒரு கோடி டொலருக்கும் மேல் சம்பாதித்தது. இயக்குநர் டேமியன் லியோன் காயங்களைத் தன் கையாலேயே செய்பவர். அதற்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் இரண்டே கால் மணித்தியாலத்துக்கும் மேல் ஓடுகிறது. எனக்கு நடுவில் பசித்தது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் பெண்களைத்தானே வெட்டுகிறார்கள் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பல படங்கள் அதற்குத் தகுந்த குப்பைகள்தான். ஆனால் கடைசியில் மிஞ்சி நின்று திருப்பிக் குத்துகிறவளும் ஒரு பெண். கரோல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987இல் இவளுக்கு 'கடைசிப் பெண்' என்று பெயர் வைத்தார். தொடக்கத்தில் கொலைகாரனின் கண்ணால் பார்க்கும் நாம் முடிவில் அவள் கண்ணால் பார்க்கிறோம் என்றார். தலையணைக்குப் பின்னால் இருந்த மூன்று பொடியன்களும் அன்று அந்தப் பெட்டையாகத்தான் இருந்தோம்.

இனி உங்கள் 60,000 ரூபாய். முதல் செலவு சாப்பாடு, பசித்தவன் லைற் பிடிக்கமாட்டான். இரண்டாவது, ஒரு நல்ல மைக். படம் மங்கலாக இருந்தால் ஸ்டைல் என்பார்கள், சத்தம் மங்கலாக இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். முகமூடி எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் அதில் கோபம் இருக்கக்கூடாது. ஒன்றுமில்லாத முகம்தான் வேலை செய்யும். கத்தும் காட்சிக்குரிய சத்தத்தைப் பகலில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள். இரவு பதினொரு மணிக்கு அனெக்சுக்குள்ளிருந்து ஒரு பெண் வீறிட்டால் தெஹிவளையில் அது நடிப்பு என்று யாருக்குத் தெரியும்?

இரத்தத்துக்குத் தக்காளி சோஸ் வேண்டாம், கமராவில் சோஸாகவே தெரியும். கேக் சாமான் கடையில் திரவக் குளுக்கோஸ் வாங்கி, சிவப்புக் கலரிங் விட்டு, ஒரு சிட்டிகை கொக்கோ கலவுங்கள். கொக்கோ இல்லாவிட்டால் ரோஸ் சிரப் மாதிரி இருக்கும். முதலில் ஒரு பழைய துணியில் ஊற்றிப் பாருங்கள், அந்தச் சிவப்பு லேசில் போகாது. அனெக்சின் சுவர் வெள்ளை என்றால் பொலித்தீன் விரித்துவிட்டுத் தொடங்குங்கள், வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவேண்டுமே.