கேள்வி பதில்: புது சாஃப்ட்வேர் வந்தாலே ஊழியர்கள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?

(90-களில் வங்கிக் கிளைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கே: சார், எங்கள் மில்லில் ஈஆர்பி (சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட்டோம். ஸ்டோர் கீப்பர் தொடவே மாட்டேன் என்கிறார். வயசுதானே காரணம்?

ப: வயசு இல்லைங்க. எங்கள் கிளையில் ஒரு சீனியர் கிளார்க் இருந்தார். லெட்ஜர் டேலி ஆகாவிட்டால் எல்லாரும் அவர் மேசைக்குத்தான் ஓடுவோம். வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் போனால், "54-ஐ 45-னு மாத்திப் போட்டிருக்கீங்க, தேடுங்க" என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் டேலி தானாக ஆனது. அவர் மேசைப் பக்கம் யாரும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த பையனிடம், "இது எப்படிப்பா?" என்று அவர் கேட்க வேண்டியதாயிற்று. அவருக்கு வலித்தது அதுதான். 'ஒத்துழைப்பதில்லை' என்று அவரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதினேன். இன்றும் உறுத்துகிறது. பிறகு பழைய கணக்கு இருப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். உங்கள் சரக்குப் பட்டியலை ஸ்டோர் கீப்பர் சரிபார்க்கட்டும்.

கே: போனஸ் கொடுத்தால் மாறுவார்களா?

ப: வாங்கிக்கொள்வார்கள், மாற மாட்டார்கள். பயிற்சி கொடுக்காமல் புது முறை தொடங்கும் தேதியை அறிவிக்காதீர்கள்.

கே: ஊழியர் சங்கங்கள் கம்ப்யூட்டரை எதிர்த்ததால்தானே வங்கிகள் பின்தங்கின?

ப: இப்படிச் சொல்வது அநியாயம். 1983-லேயே கணினிமயம் பற்றிச் சங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. எந்த வேலைக்கு இயந்திரம், எவ்வளவு என்று பேசித் தீர்த்தார்கள்.

கே: (அவரே) பேசியே காலம் கடத்தினார்கள் என்கிறேன். வேலை போகும் என்பது வீண் பயம்.

ப: வீண் பயமா? 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் மட்டும் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். பேசுவதால் காலம் வீணாவதும் இல்லை. அமெரிக்காவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் கோக், ஃபிரெஞ்ச் இருவரும் செய்த ஆய்வு 1948-ல் வெளிவந்தது. வேலைமுறை மாறியபோது, வெறும் அறிவிப்போடு விட்ட குழுவில் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லாரையும் உட்கார்த்திக் கலந்து பேசிய குழுக்களில் ஒருவர்கூடப் போகவில்லை. உற்பத்தியும் முன்பைவிடக் கூடியது.

கே: ஒத்துவராதவரை நீக்கலாமா?

ப: தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

கே: எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாக்கள் டேப்லெட் கம்ப்யூட்டரை எடுப்பதில்லை. வயசா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். பயிற்சிக்கு முன்னாலேயே தேதி அறிவித்தீர்களா?

கே: எங்கள் அக்கவுண்டன்ட்டும் அப்படித்தான் சார். வயசு 52.

ப: மூன்றாவது முறை வயசு! அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, புது முறையில் எந்த வேலை அவர் கையை விட்டுப் போகிறது என்று கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள், விரிவாகப் பதில் தருகிறேன்.