உளவியல் அளவுகோல் நினைத்ததைத்தான் அளக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் பதற்ற வினாப்பட்டியலுக்கு ஆல்ஃபா 0.83 வந்திருக்கிறது. ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறது என்பது) நிறுவப்பட்டது என்று எழுதலாமா?

வேண்டாம். கிரான்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபா, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே காட்டும். அது நம்பகத்தன்மை (மதிப்பெண்ணில் தற்செயல் பிழை எவ்வளவு குறைவு என்பது) சார்ந்தது. வினாக்கள் சேர்ந்து அளப்பது பதற்றத்தையா, சோர்வையா என்று அது சொல்லாது.

இன்னொன்று, வினாக்களைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும். வினாக்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது; முழுமையாகச் சேர்ந்தால் 1) 0.2 மட்டுமே என்று வையுங்கள். 5 வினாக்களுக்கு ஆல்ஃபா 0.56, அதே தரத்தில் 20 வினாக்கள் இருந்தால் 0.83! ஒரே வினாவைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாலும் எகிறும். இந்த ஓர் எண்ணை நம்பி முழு ஆய்வையும் கட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, ஏற்புடைமையை வேறு எப்படிக் காட்டுவது?

கேம்ப்பெல், ஃபிஸ்க் இருவரும் 1959-இல் தந்த வழி இன்றும் எனக்குப் பிடித்தது. இரண்டு பண்புகளை எடுங்கள்: பதற்றம், மனச்சோர்வு. ஒவ்வொன்றையும் இரண்டு முறைகளில் அளங்கள்: அவரே நிரப்பும் படிவம், கூட இருப்பவர் தரும் மதிப்பீடு. பதற்றத்தின் இரு அளவீடுகளும் நன்றாக ஒத்துப்போக வேண்டும். அதைவிடக் குறைவாகத்தான், ஒரே படிவத்தில் அளந்த பதற்றமும் மனச்சோர்வும் ஒத்துப்போக வேண்டும். முதல் ஒட்டுறவு 0.3, இரண்டாவது 0.7 என்று வந்தால், உங்கள் மதிப்பெண்ணில் படிவம் நிரப்பும் பழக்கமும் பொதுவான மனவருத்தமும் நிறையக் கலந்திருக்கலாம்; பதற்றத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியதாகச் சொல்ல முடியாது. ஒத்துப்போவதைக் காட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். விலகி நிற்பதைக் காட்டுவதுதான் கடினம். நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நிலைபெற்ற ஓர் அளவுகோலோடு என் அளவுகோலுக்கு ஒட்டுறவு 0.45 தான். தோல்வியா?

அவசரப்படாதீர்கள். இரண்டின் நம்பகத்தன்மையையும் பாருங்கள். 0.7, 0.8 என்றால், அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.75. பிழைகள் தற்செயலானவை என்றால் எதிர்பார்க்கக்கூடிய உச்சமே அதுதான். 0.45-ஐ அதால் வகுத்தால் 0.60. தற்செயல் பிழை இல்லாதிருந்தால் ஒட்டுறவு எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட, ஸ்பியர்மன் 1904-இல் சொன்ன திருத்தம் இது. ஆனால் திருத்திய எண்ணை மட்டும் போடாதீர்கள், இரண்டையும் போடுங்கள்.

10 நிபுணர்களில் 8 பேர் ஒரு வினாவை அவசியம் என்றார்கள். போதுமா?

லாஷேயின் 1975 விகிதப்படி (அவசியம் என்றவர்கள் பாதிப்பேரைவிட எத்தனை பேர் அதிகமோ, அதைப் பாதியால் வகுப்பது: 3/5) 0.60 வருகிறது, 10 பேருக்கு அவர் அட்டவணை கேட்பது 0.62. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காக வினாவை நீக்க மாட்டேன். மறுத்த இருவரிடமும் காரணம் கேளுங்கள், வினாவைத் திருத்துங்கள், அப்புறம் மறுபடி அனுப்புங்கள்.