வீடு கட்டிய சிப்பாய்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கோட்டையூர். தம்பி அக்னிவீர் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் செட்டிநாடு பழைய விமான ஓடுதளத்துப் பக்கம் போய் ஓடுகிறான். 1,600 மீட்டரை 5 நிமிடம் 40 விநாடியில் முடிக்கிறான். அப்பாவுக்கு ஒரே கவலை. "சில மாசம் பழக்கிட்டு எல்லைக்கு அனுப்பினா, சண்டைக்குத் தயாராயிடுவானா?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா கேட்பது நியாயம்தான். ஓட்டம் உள்ளே சேர்வதற்கு. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். தம்பி இன்னும் பத்து விநாடி குறைக்கட்டும். சண்டைக்குத் தயாராவது வேறு சங்கதி. அதற்கு உடம்பை விட நேரம்தான் அதிகம் வேண்டும்.

1962இல் வடகிழக்கு எல்லையில் சீனாவை எதிர்கொண்டது 4-வது டிவிஷன், பல பிரிகேடுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய படை. 1950களின் பிற்பகுதியில் அது அம்பாலாவில் இருந்தபோது, சிப்பாய்களை வைத்தே ராணுவக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். ‘ஆபரேஷன் அமர்’ என்று பெயர். வீடு கட்டும் பெருமையை உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனால் பயிற்சிக்கான மாதங்கள் அங்கே செங்கலுக்குப் போயின. பிறகு அந்த டிவிஷனின் ஒரு பிரிகேடை, குளிருக்கு ஆகாத பருத்தி உடுப்போடு எல்லை மலையிலுள்ள நாம்கா சூ ஆற்றங்கரைக்கு ஏற்றிவிட்டார்கள். அக்டோபர் 20 காலையில் தாக்குதல் தொடங்கியது. அன்றே பிரிகேட் சிதைந்துபோனது. தைரியத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது மலைக்குப் போகிறவர்களை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காக, 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள் என நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுகிறார்கள். மலைச் சண்டைக்குக் குல்மார்க்கிலும் காட்டுச் சண்டைக்கு மிசோரமின் வைரெங்டேயிலும் தனிப் பள்ளிகள் இருக்கின்றன.

ஆனாலும் நிஜமான படிப்பு யூனிட்டில்தான். பத்துப் பேர் கொண்ட சிறு குழுதான் செக்‌ஷன், அதற்குத் தலைவர் ஒரு ஹவில்தார். இருட்டில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் கை தடவியே சரிசெய்வது, அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவது, ஒயர்லெஸ் தொடர்பு அறுந்துபோனால் அடுத்து என்ன என்பது, எல்லாவற்றையும் யோசிக்காமலே செய்ய வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பவர் அவர்தான். ட்ரோன் வந்த பிறகும் இது மாறவில்லை. மறைந்து நகரும் பழக்கம் முன்னைவிட அதிகம் வேண்டியிருக்கிறது.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். நாளைய ஹவில்தார் அவர்களிலிருந்துதான் வர வேண்டும். எல்லோரும் பென்ஷனைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். அதுவும் முக்கியம்தான். எனக்கென்னவோ, அந்தக் கால் பங்கை எப்படிப் பொறுக்குகிறார்கள், எவ்வளவு காலம் வளர்க்கிறார்கள் என்பதில்தான் கண் இருக்கிறது. தம்பி தயாராவானா என்பது அவனுக்கு வாய்க்கும் ஹவில்தாரைப் பொறுத்தது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், கெட்டித் தரையிலேயே தினமும் ஓட வேண்டாம். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணுக்கால் மேல் எலும்பில் நுண்விரிசல் விழுவது சாதாரணம். வாரத்தில் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணக்குப் போடட்டும். 2023 முதல் கணினித் தேர்வுதான் முதலில், ஓட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.